அமெரிக்கத் தண்டனை ஆணையத்துக்கு ஒரு மளிகைக் கடைக்காரனின் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் மிச்சிகனில் ஒரு புறநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பொன்னி அரிசி, நல்லெண்ணெய், கருவாடு, வாரம் ஒருமுறை வரும் கறிவேப்பிலை. சட்டம் படித்தவனில்லை. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது வழக்குக் கதைகளைக் கேட்டு வளர்ந்தேன். 2023 வரை எனக்கும் சட்டத்துக்கும் அவ்வளவுதான் உறவு.

நீதிபதிகளுக்குத் தண்டனை வழிகாட்டி எழுதும் நீங்கள், கண்காணிப்பு நிபந்தனையை மீறுகிறவர்களுக்கான தண்டனை பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மரியாதையாக இருந்தது, உயிர் இல்லை. மனதில் இருப்பதைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். இதை நீங்கள் படிக்காமலே போகலாம். ஆனால் இந்த நாட்டில் கடை நடத்தி, ஆள் வைத்து, ஜூரியில் உட்கார்ந்து, ஓட்டும் போடுகிற நம் ஆட்கள் படிப்பார்கள். அவர்களுக்காக நடுநடுவே கொஞ்சம் விளக்கமும் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022இல் என் கடையில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர். போதைப்பொருள் வழக்கில் கூட்டாட்சிச் சிறையில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்திருந்தார். விண்ணப்பத்திலேயே அதை எழுதியிருந்தார். மறைக்காதது எனக்குப் பிடித்தது. மூட்டை தூக்க ஆள் இல்லாத நேரம் என்பதும் உண்மை. கடையில் திருநெல்வேலிப் பையன்கள் இரண்டு பேர் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அவரும் எல்லாரையும் ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார், என் மனைவி உட்பட. ஆறு மாதத்தில் இட்லி அரிசிக்கும் பச்சரிசிக்கும் வித்தியாசம் கேட்கும் வாடிக்கையாளருக்கு அவரே பதில் சொல்வார்.

அவருக்கு மூன்று வருஷம் கண்காணிப்பு விடுதலை இருந்தது. நம் ஆட்களுக்கு இதை முதலில் விளக்கிவிடுகிறேன். நம்மூரில் பரோல் என்றால் கைதி கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ சில நாள் வீட்டுக்கு வந்து திரும்புவது. இங்கே பரோல் என்பது தண்டனையில் ஒரு பகுதி முடிந்ததும் மிச்சத்தை வெளியில் இருந்தபடி கழிப்பது. கூட்டாட்சி வழக்குகளில் அந்தப் பரோலை 1984ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. 1987 நவம்பர் முதல் நடந்த குற்றங்களுக்கு அது கிடையாது. அதற்குப் பதிலாக வந்ததுதான் கண்காணிப்பு விடுதலை. இது தண்டனையின் மிச்சமில்லை, தண்டனை முடிந்தபின் மேலே ஏற்றிக் கட்டுவது. ஐந்து வருஷம் சிறை என்றால் ஐந்து வருஷமும் சிறையில்தான் (நன்னடத்தைக் கழிவு கொஞ்சம் உண்டு), அப்புறம் மூன்று வருஷம் அதிகாரியின் கண் பார்வையில். நன்னடத்தைக் கண்காணிப்பு, அதாவது புரொபேஷன், இன்னொரு வகை. அது சிறைக்குப் பதிலாகவே கொடுக்கப்படுவது.

இரண்டிலும் நிபந்தனைகள் உண்டு. சொன்ன நாளில் அதிகாரியைப் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாமல் நீதிமன்ற எல்லையைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு 30 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும். வீடு மாறுவதாக இருந்தால் பத்து நாள் முன்னால் சொல்ல வேண்டும், எதிர்பாராமல் மாற நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள். போலீஸ் ஏதாவது விசாரித்தால் அதையும் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். படித்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் கடைக்கு அப்போது வியாழக்கிழமை மதியம் லாரி வரும். அவருடைய அதிகாரியைப் பார்க்கும் நேரமும் வியாழக்கிழமை மதியம்தான். பெரும்பாலும் லாரி பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும், இறக்கிவிட்டு இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுவார். ஒருநாள் பனியில் லாரி தாமதமாக வந்தது. ‘அடுத்த வாரம் போய்க்கோங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்’ என்றேன். மறந்துவிட்டேன். இதை இங்கே பகிரங்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்லும்போது என் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். சில மாதம் கழித்து இன்னொரு வியாழக்கிழமையும் அதேபோலத் தவறியது. அந்தத் தடவை மறந்தது அவர்.

அதே சமயத்தில் அவர் தங்கியிருந்த அக்கா வீட்டில் பிரச்சினை. வீட்டுக்காரர் கூடுதல் ஆள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு சிநேகிதர் வீட்டு சோபாவில் மூன்று வாரம் படுத்தார். எந்த முகவரியைச் சொல்வது என்று தெரியாமல் எதையுமே சொல்லவில்லை. பார்க்கப் போன அதிகாரிக்கு அக்கா வீட்டில் ஆள் இல்லை.

இவ்வளவுதான். குடித்தார், அடித்தார், விற்றார் என்று ஒன்றும் இல்லை. போதைப்பொருள் சோதனை ஒன்றில்கூடப் பிசகவில்லை.

பிடிவாரண்டு வந்தது. விசாரணை வரை வெளியில் இருக்க வேண்டுமானால் தான் ஓடிப்போக மாட்டேன், யாருக்கும் ஆபத்தில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சொல்லாமல் வீடு மாறினவர் ஓட மாட்டார் என்று எப்படி நிரூபிப்பது? மூன்று வாரம் உள்ளேயே இருந்தார். பிறகு விசாரணை. அப்பாவின் வாயில் ஆயிரம் தடவை கேட்ட வாசகம், ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ என்பது. இங்கே அது கிடையாது. ஜூரியும் கிடையாது. தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். அவர் விஷயத்தில் அதுவும் தேவைப்படவில்லை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

அப்போதுதான் உங்கள் பட்டியலை முதன்முதலாகப் பார்த்தேன். 1990இல் நீங்கள் போட்டது. மீறல்களை ஏ, பி, சி என்று பிரித்து, ஒரு பக்கம் அந்தத் தரம், மறுபக்கம் ஆளின் பழைய குற்ற வரலாறு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் மாதக்கணக்கு. வாய்ப்பாடு மாதிரி. வன்முறைக் குற்றமும் போதைப்பொருள் வியாபாரமும் ஏ. ஒரு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள மற்றக் குற்றங்கள் பி. அதற்குக் கீழ் எல்லாம் சி: சின்னக் குற்றம், குற்றமே இல்லாத நிபந்தனை மீறல், எல்லாம் ஒரே பெட்டியில். ஒருவன் கடையில் திருடினாலும் சி, அதிகாரியைப் பார்க்க மறந்தாலும் சி.

எங்கள் ஆள் வரலாற்றில் மூன்றாம் படியில் இருந்தார். சி தரமும் மூன்றாம் படியும் சந்திக்கும் கட்டத்தில் 5 முதல் 11 மாதம். நீதிபதி ஐந்து மாதம் கொடுத்தார். கடுமையான மனிதர் என்று சொல்ல மாட்டேன். கட்டத்தில் இருந்த ஆகக் குறைந்த எண்ணைத்தான் கொடுத்தார். சி தரத்தில் விடுதலையை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை, நிபந்தனையை மாற்றிவிட்டு அனுப்பலாம் என்றும், ஐந்து மாதத்தில் ஒரு பகுதியை வீட்டுக்காவலாக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வழக்கறிஞர் எனக்குப் பிறகு காட்டினார். ஆனால் ஒரு கட்டத்துக்குள் ‘5–11’ என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பார்க்கிறவர் கண் ஐந்தில்தான் போய் நிற்கும். விலைச்சீட்டு ஒட்டிய சாமானுக்குப் பேரம் நடப்பதில்லை. இது எனக்குத் தெரிந்த தொழில்.

ஐந்து மாதத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. சிறை முடிந்ததும் மறுபடியும் மூன்று வருஷம் கண்காணிப்பு. முதலிலிருந்து. அதற்கு முன்னால் 14 மாதம் ஒழுங்காக வந்து போனாரே, அந்தப் பதினான்கு? கணக்கில் இல்லை. வெளியில் கண்காணிப்பில் கழித்த காலத்துக்கு வரவு கிடையாது என்று சட்டமே சொல்கிறது. மீறாமல் இருந்திருந்தால் இன்னும் 22 மாதத்தில் விடுபட்டிருப்பார். இரண்டு வியாழக்கிழமைக்கும் ஒரு சோபாவுக்கும் சேர்த்து அது 41 மாதமாக ஆனது.

மேலும் கேட்டபோது இன்னும் வயிற்றைக் கலக்கியது. கண்காணிப்பு விடுதலையை ஒரு தடவை ரத்து செய்து கொடுக்கும் சிறைக்கு உச்சவரம்பு உண்டு. அவருடைய வகைக் குற்றத்துக்கு இரண்டு வருஷம். ஆனால் 2003இல் காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம், செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்த வரம்பு ஒவ்வொரு ரத்துக்கும் புதிதாகத் தொடங்குகிறது. அதாவது கண்காணிப்பு, மீறல், சிறை, மறுபடி கண்காணிப்பு என்று செக்கு சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இந்த இடத்தில் அப்பாவின் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இந்தியாவில் 1958இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இன்றும் இருக்கிறது. நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர் நிபந்தனையை மீறினால் என்ன செய்யலாம் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. பழைய குற்றத்துக்கே தண்டிக்கலாம். முதல் தடவை மீறல் என்றால், பிணையை அப்படியே வைத்துக்கொண்டு 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போட்டு விடலாம். ஐம்பது ரூபாய்! அப்பா அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் காலத்தில் அது ஒரு ஆளின் பல நாள் கூலி, இப்போது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. இந்திய நீதிமன்றங்கள் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை, வருஷக்கணக்கில் வாய்தா வாங்கிய கதைகளையும் அதே சாப்பாட்டு வேளையில்தான் கேட்டேன். ஆனால் முதல் தவறு என்ற ஒன்று இருக்கிறது, அதற்குச் சிறைக்கு வெளியே ஒரு பதில் இருக்கிறது என்று அந்தச் சட்டத்தை எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் அந்தப் பட்டியலில் சி தரத்தின் ஆகக் கீழ்க் கட்டம்கூட மூன்று மாதத்தில்தான் தொடங்கியது.

நீங்கள் இதற்குச் சொன்ன நியாயம் ‘நம்பிக்கை மீறல்’. நீதிமன்றம் ஒருவரை நம்பி வெளியே விடுகிறது, அவர் அந்த நம்பிக்கையை உடைத்தார், தண்டனை அதற்கு. கடைக்காரனாக எனக்கு இது புரியாமலில்லை. என் தொழிலே நம்பிக்கை. கல்லாவில் கை வைத்த பையனை அன்றே அனுப்பியிருக்கிறேன், இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் காலையில் அரை மணி நேரம் தாமதமாக வந்தவனையும் கல்லாவில் கை வைத்தவனையும் ஒரே வார்த்தையால் திட்டினால் கடையில் மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதலாமவனுக்கு அலாரம் வாங்கிக் கொடுப்பேன், இல்லை சம்பளத்தில் பிடிப்பேன். எல்லாமே துரோகம் என்றால் துரோகத்துக்கு என்ன மரியாதை?

சரி, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2020 ஜூலையில் உங்கள் அறிக்கை ஒன்று வந்தது. 2013 முதல் 2017 வரை நடந்த ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கும் அதிகமான மீறல் விசாரணைகளைப் பார்த்து எழுதியது. அவற்றில் பாதிக்கு மேல் சி தரம். அதாவது எங்கள் ஆள் ஒரு விதிவிலக்கு இல்லை, அவர்தான் வழக்கமான ஆள். அந்த அறிக்கை வந்த சமயம் பார்த்து உங்களிடம் ஓட்டெடுக்கப் போதுமான உறுப்பினர்கள் இல்லை. 2019இல் போன கோரம் 2022இல்தான் திரும்பி வந்தது. அந்த மூன்று வருஷத்தை உங்கள் மேல் போட மாட்டேன், ஆட்களை நியமிக்காதவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

பிறகு 2025இல் செய்தீர்கள். நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் திருத்தங்களைப் பொறுமையாகப் படித்தேன், என் மகள் உதவியோடு. கண்காணிப்பு விடுதலையையும் நன்னடத்தைக் கண்காணிப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்ததைப் பிரித்தீர்கள். விடுதலைக்குப் பின் கண்காணிப்பு தேவையா, எத்தனை காலம் என்பதை ஆளைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னீர்கள். ஒரு வருஷம் முடிந்ததும் முன்கூட்டியே முடித்துவிடலாமா என்று நீதிமன்றமே பார்க்க வேண்டும் என்றீர்கள். இதற்கு மனதார நன்றி. உண்மையாகவே சொல்கிறேன்.

அதே வருஷம் ஜூனில் உச்ச நீதிமன்றமும் பேசியது. ஓஹையோவிலிருந்து போன எஸ்டெராஸ் வழக்கு. கண்காணிப்பு விடுதலையை ரத்து செய்யும்போது முதல் குற்றத்துக்குப் பழிவாங்கும் எண்ணத்தை நீதிபதி கணக்கில் எடுக்கக்கூடாது என்று ஏழு பேர் சொன்னார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏமி கோனி பாரெட். மிச்சிகனும் ஓஹையோவும் ஒரே மேல்முறையீட்டு வட்டத்தில், அதாவது ஒரே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ், இருப்பவை. 2023இல் எங்கள் ஆளின் விசாரணையில் அந்தப் பழைய போதைப்பொருள் குற்றம் எவ்வளவு கொடியது என்று அரைமணி நேரம் பேசினார்கள். எங்கள் வட்டத்தில் அப்போது அது தவறில்லை. அதற்கு அவர் ஐந்து வருஷம் கொடுத்துவிட்டாரே என்று எனக்குத்தான் பின்வரிசையில் உட்கார்ந்து வாய் துடித்தது.

ஆனால் எஸ்டெராஸ் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தே விட்டிருக்கிறது. முதல் குற்றத்துக்காகப் பழிவாங்கக்கூடாது, சரி. மீறலுக்காகவே, மீறினாய் என்பதற்காகவே தண்டிக்கலாமா? அதை முடிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். ‘நம்பிக்கை மீறல்’ என்ற சொல் அந்தக் கதவு வழியாகத்தான் மறுபடி உள்ளே வரும். அதைச் சாத்த வேண்டியவர்கள் நீங்கள். கண்காணிப்பு விடுதலை என்பது ஆள் ஊரோடு ஒட்டி வாழப் பழகும் காலம் என்றால், ரத்துக்கும் அதே அளவுகோல்தான் வேண்டும். இவரை இப்போது சிறையில் போட்டால் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும், அதுவும் குற்றமே இல்லாத மீறல்களுக்குச் சிறை என்றால் கட்டாயம் எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொரு ஓட்டை எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவரை நீங்கள் பழைய இடத்திலேயே விட்டுவிட்டீர்கள். அவருக்கு எஸ்டெராஸ் தீர்ப்பும் உதவாது, ஏனென்றால் அவருடைய சட்டப்பிரிவு வேறு. அங்கே நீதிபதி எல்லாக் காரணங்களையும் பார்க்கலாம், பழிவாங்கலையும் சேர்த்து. ரத்தானால் முதல் நாள் கொடுத்திருக்கக்கூடிய எந்தத் தண்டனையையும் புதிதாகக் கொடுக்கலாம். யோசித்துப் பாருங்கள். சிறைக்கே போகத் தேவையில்லாத அளவு சின்னக் குற்றம் செய்தவர் என்றுதான் அவருக்கு நன்னடத்தை கொடுத்தார்கள். மீறலுக்கு உச்சவரம்பு இருப்பது சிறைக்குப் போய் வந்தவருக்கு. போகாதவருக்குத் தலைக்கு மேல் கத்தி முழுசாகத் தொங்குகிறது. நன்னடத்தை என்பதே தண்டனை, அதை மீறுவது தண்டனையை மீறுவது என்று உங்கள் தரப்பில் வாதம் உண்டு, தெரியும். அந்த வாதம் வேண்டுமென்றே ஓடி ஒளிகிறவருக்குப் பொருந்தும். சோபாவில் படுத்தவருக்கு?

நான் கேட்பது இதுதான். குற்றமில்லாத மீறலை நன்னடத்தைப் பகுதியில் சின்னக் குற்றங்களிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். அந்தக் கட்டம் பூஜ்யத்தில் தொடங்கட்டும். முதல் தடவைக்கு எச்சரிக்கை, அடுத்ததற்கு ஊரடங்கு நேரம், அதற்கும் அடுத்து வீட்டுக்காவல் என்று படிகளை அச்சிலேயே போடுங்கள். ‘செய்யலாம்’ என்று உரையில் ஒரு மூலையில் எழுதினால் போதாது, கட்டத்துக்குள் எழுதுங்கள். புதிதாகக் கண்காணிப்பு விதிக்கும்போது ஒழுங்காகக் கழிந்த மாதங்களை நீதிபதி கழித்துப் பார்க்கும்படி சொல்லுங்கள். சிறைக்காலத்தில் வரவு வைப்பதைக் காங்கிரஸ்தான் மாற்ற முடியும், ஆனால் மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்க உங்களுக்கு வாய் இருக்கிறது. அப்புறம், சின்ன விஷயம் போலத் தோன்றும், எனக்கு இதுதான் முதல்: வாரம் 30 மணி நேரம் வேலை செய் என்று நிபந்தனை போடுகிறவர்கள், பார்க்க வரச் சொல்லும் நேரத்தை அந்த வேலையை அனுசரித்து வைக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் பேசினால் என்ன குறைந்துவிடும்?

கண்காணிப்பு அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். கெட்டவர் இல்லை. விசாரணை நாளில் ‘இவர் நல்ல வேலைக்காரர்’ என்று அவரே சொன்னார். கூட்டாட்சிக் கண்காணிப்பில் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் மேசையில் எத்தனை கோப்பு இருந்ததோ. நேரம் தவறிய ஒருவரைத் தேடிப் போய்ப் பேசிச் சரிசெய்ய ஒரு நாள் வேண்டும், மனு எழுத ஒரு மணி நேரம் போதும். எது நடக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பையும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரும் ஒரு டாக்டர், நெடுநாள் வாடிக்கையாளர், ‘நாளைக்கு அவர் யாரையாவது சுட்டிருந்தால் இப்படிப் பேசுவீர்களா?’ என்றார். பேச மாட்டேன். துப்பாக்கி எடுத்தவருக்கு உங்கள் ஏ தரம் இருக்கிறது, அதைத் தொடச் சொல்லவில்லை. ஆனால் டாக்டரும் ஒன்று ஒப்புக்கொண்டார்: அந்த ஐந்து மாதம் ஆளை நல்லவராக்கவில்லை. வேலையை நான் வைத்திருந்தேன். பார்த்து வைத்திருந்த ஒற்றை அறை வீடு போய்விட்டது, கார் தவணை நின்று காரும் போனது. மகளைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள் என்று இருந்ததை மறுபடி கெஞ்சி வாங்க ஒரு வருஷம் ஆனது.

2024 பிப்ரவரியில் திரும்பி வந்தார். முதல் நாள் யாரிடமும் பேசாமல் பின்னறையில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பையன் ஒருவன் போய் ‘அண்ணே, டீ’ என்றான். வாங்கிக்கொண்டார். அதன்பின் ஒரு சந்திப்பும் தவறவில்லை. புதிய மூன்று வருஷம் 2027 பிப்ரவரியில்தான் முடிகிறது. உங்கள் புதிய விதிப்படி முன்கூட்டியே முடிக்கச் சொல்லி மனுப் போட வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறோம். ஏற்கெனவே கண்காணிப்பில் இருப்பவர்களையும் நீதிபதிகள் அந்தக் கண்ணோடு பார்க்கும்படி நீங்கள் ஒரு வரி தெளிவாக எழுதினால் அவரைப் போன்றவர்களுக்கு உதவும்.

மொத்த வியாபாரியிடம் பேசி லாரியைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டேன். அதற்கு வாரம் 60 டாலர் கூடுதலாகக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மிச்சிகனிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரன்
டிசம்பர் 2025